கேட்டு வாங்கிய பிள்ளை

3 ஜூலை 1996, புதன்

விடியும் முன்பே தொடங்கிய மழை. பெருங்கடவிளை பஸ் அரை மணி தாமதம். பிளாக் ஆபீஸ் கூரை ஒழுகி, வீட்டுமனை ஃபைல்கள் இரண்டு கட்டு நனைந்து கிடந்தன. ஃபேனுக்குக் கீழே ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன். மத்தியானம் லேபுக்குப் போய் முடிவு வாங்கினேன்.

உண்டு.

லேப் பெண் சிரித்தாள். "சேச்சிக்கு ஆதியத்தேயாணோ?" முதல் பிள்ளையா என்று கேட்கிறாள். தலையாட்டினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டுப் பாதி வழி நனைந்து, திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

பூத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு, இவருடைய வக்கீல் ஆபீசுக்கு போன். சொன்னேன். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பூத்துல பக்கத்துல ஆளு உண்டா?"

ஒன்பது வருஷம் காத்திருந்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி அது.

4 ஜூலை, வியாழன்

மழை விட்டது. ஃபைல்கள் காய்ந்து அப்பளமாக இருக்கின்றன.

இந்த டைரி ஆபீசர் வேண்டாமென்று தந்தது. ஜூன் வரை எல்லாப் பக்கமும் காலி. வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். மேசை இழுப்பறையில் இருக்கும். பூட்டுகூட வேண்டாம். இந்த ஆபீசில் பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

ஒன்பது வருஷத்தை ஒருதடவை எழுதிவிட்டால் பிறகு எழுத வேண்டியதில்லை.

நான் செய்தவை:
சஷ்டி விரதம், ஆறு வருஷம்.
வெள்ளறடை வைத்தியரின் கஷாயம். இரண்டு நாள் நாக்கு மரத்துப்போனது.
கர்ப்பப்பை சுத்தம் செய்தது, இரண்டு தடவை.
குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே. கத்தினேன். இதுக்கே இப்படியா என்றாள் நர்ஸ். முடிவு: எல்லாம் சரி.
அத்தை வாயால் 'மச்சி' என்று பெயர் வாங்கியது. மலடிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

இவர் செய்தவை:
எட்டாம் வருஷம், ஒரே ஒரு நாள், டெஸ்டுக்கு ஒரு சின்ன டப்பா.

முடிவு, குறைவு என்றுகூட இல்லை. பூஜ்யம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். நான் தேற்றினேன். அம்மைக்குத் தெரிய வேண்டாம் என்றார். சொல்லவில்லை. மச்சிப் பட்டத்தை இன்னும் ஒரு வருஷம் நானே வைத்துக்கொண்டேன்.

வேறு ஆளுடையதை வைத்துப் பார்க்கலாம் என்று அங்கே சொன்னார்கள். முடியாது என்று குதிப்பார் என நினைத்தேன். குதிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்து, முழுத்தாளில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். வக்கீல் அல்லவா.

1. கேரளத்தில் வேண்டாம். திருவனந்தபுரத்தில் தெரிந்த முகம் அதிகம். நாகர்கோவில் போதும்.
2. நாகர்கோவிலில் நம்ம ஆள்கள் நிறைய. ஆகவே நம்ம ஆளாகவே கிடைக்கும்.
3. சுத்த சைவம். முட்டையும் கூடாது.
4. டிகிரி.
5. என்னைவிட உயரம் வேண்டாம்.

நாகர்கோவில் டாக்டரம்மா கண்ணாடி போட்டு வாசித்தாள். "சரி சார், பாத்துச் செய்யலாம்," என்று மேசைமேல் வைத்தாள். ஆறாவதாக ஒன்றை இவர் வாயால் கேட்டார். "என்னோடதும் கொஞ்சம் சேத்துக் கலக்கணும்."

"கலந்திருவோம்," என்றாள்.

போக வர நேர்வழி கிடையாது. பாறசாலை, களியக்காவிளை வழியே போனால் யாராவது பார்ப்பார்கள் என்று பனச்சமூடு சுற்றிப் போவோம். அங்கே சாயாக்கடையில் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நின்று குடிப்போம். கல்யாணமாகி ஒன்பது வருஷமான இரண்டு பேர்.

எங்கள் ஆபீசுக்கு அடுத்தது மாட்டாஸ்பத்திரி. அங்கே பசுவுக்கு ஊசி போட்டால் கம்பவுண்டர் ரெஜிஸ்தரில் எழுதுவார். காளை நம்பர், இனம், தேதி. எனக்கு நடந்ததற்கு அப்படி ஒரு வரி எங்கும் கிடையாது. பசுவாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

22 ஜூலை, திங்கள்

நேற்று அத்தையிடம் சொன்னார். அத்தை பூஜை அறைக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து என் நெற்றியில் பூசினாள், வயிற்றிலும் பூசினாள்.

"பிள்ளே, இனி நீ குனிஞ்சு தூக்காண்டாம். கிணத்துல வெள்ளம் கோர நான் உண்டு. எனக்க மகனுக்க இரத்தமாக்கும் அது."

ஒன்பது வருஷத்தில் என்னை 'பிள்ளே' என்று கூப்பிடுவது இதுவே முதல் தடவை. போன வருஷம்தான் இவருக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்க்க, எனக்குத் தெரியாமல் கோட்டாறுவரை போய் வந்தாள். பாலில் நெய் விட்டுத் தருகிறாள். குடித்தேன், வாந்தி எடுத்தேன், மறுபடி தந்தாள்.

சாயங்காலம் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காதோடு சொன்னார். "கலந்ததாக்கும் கேட்டியா. யாரு கண்டா, என்னோடதாவும் இருக்கலாம்."

"ஆமா," என்றேன்.

பூஜ்யத்தைக் கூட்டினாலும் பெருக்கினாலும் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முகம் ஸ்கூல் பிள்ளை மாதிரி இருந்தது. நேற்று இவரை எனக்குப் பிடித்திருந்தது. எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும்.

12 ஆகஸ்ட், திங்கள்

மறுபடி மழை. அதனால் வந்த வினை.

எனக்கு எதிர் மேசை மேரி ஸ்டெல்லா. கோட்டுகால்காரி. அவள் அப்பா, மாப்பிள்ளை, மச்சான்மார் எல்லாருக்கும் கடல் வேலை. நான் சைவம் என்பதால் நாலு வருஷமாக அவள் மத்தியானச் சாப்பாட்டை வராந்தாக் கடைசியில் போய் உட்கார்ந்துதான் திறப்பாள். நான் கேட்டதில்லை. அவளாகவே அப்படி. இன்று வராந்தாவெல்லாம் சாரல், அறைக்குள்ளேயே திறந்துவிட்டாள்.

இரண்டு வாரமாகச் சோறு கொதிக்கிற மணத்துக்கே ஓடுகிறவள் நான். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வாயில் எச்சில் ஊறியது.

"ஸ்டெல்லா, அது என்னது?"

"சாளை மீனாக்கும் அக்கா. நாறுதோ? நான் வெளிய போறேன்."

"போகாத. எனக்குக் கொஞ்சம் தா."

கழுத்துச் சங்கிலியைக் கேட்ட மாதிரி பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் டிபன் மூடியில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தாள். முள்ளை அவளே எடுத்துத் தந்தாள். "பைய அக்கா, பைய. சின்ன முள்ளு உண்டு."

முப்பத்திரண்டு வயதில் முதல் தடவை. காரம், புளி, இன்னும் ஏதோ ஒன்று, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. மூடியை விரலால் வழித்தேன். வாந்தி வரவில்லை.

"மசக்கைக்கு எந்த சைவம் அக்கா," என்றாள் ஸ்டெல்லா. "எனக்க மூத்தவள வயித்துல வச்சிருக்கச்ச நான் சுவத்துச் சுண்ணாம்பயே சுரண்டித் தின்னேன்."

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். எலுமிச்சை இலை கசக்கித் தேய்த்தேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

தின்றவை: சாளை (மூன்று நாள்). நெத்தோலி அவியல். அயிலை. நேற்று பாரை, பொரித்தது. ஸ்டெல்லா இரண்டு பாத்திரம் கொண்டு வருகிறாள். வீட்டில் என்ன சொன்னாளோ, அவள் மாப்பிள்ளை நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறாராம். "அக்காவுக்குக் குடுன்னு சொன்னாவ."

அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்கிறாள் அத்தை. நெய் என்று நினைக்கிறாள்.

2 செப்டம்பர், திங்கள்

பிடிபட்டேன்.

ஸ்கேனுக்கு நாலு மணிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னவர், கோர்ட்டில் கேஸ் தள்ளிப்போனதால் ஒரு மணிக்கே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வந்து நின்றபோது என் கையில் அயிலைத் தலை.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். இவர் அவளைப் பார்த்து, "சாப்பிடுங்க சாப்பிடுங்க," என்றார். நல்ல மரியாதையோடு. வழியெல்லாம் ஒரு பேச்சு இல்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது. அதற்கும் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து படுக்கை அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தார்.

"எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"அவளாத் தந்தாளா?"

"நான் கேட்டேன்."

"முன்ன எப்பமாவது தின்னிருக்கியா? சின்னதுல? உனக்க வீட்டுல?"

"இல்ல."

"ஆசையாவது வந்துருக்கா?"

"இல்ல."

கட்டிலில் உட்கார்ந்தார். சாட்சி மாட்டிக்கொண்டதும் வக்கீல்கள் ஒரு மூச்சு விடுவார்களே, அப்படி ஒன்று விட்டார்.

"அப்பம் நீ கேக்கல்ல. அது கேக்குது."

சிரித்துவிட்டேன். சிரிக்காமல் என்ன செய்ய. இவர் சிரிக்கவில்லை. "சைவம்னு எழுதியில்லா குடுத்தோம். அந்த டாக்டரு பொம்பள ஏமாத்திட்டா. எந்தக் கடப்புறத்துல எவனுக்கதோ." சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். நம் வீட்டுத் திண்ணையில் வேற்று ஆள் ஏறி உட்கார்ந்தால் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

6 செப்டம்பர், வெள்ளி

நேற்று லீவு. நாகர்கோவில். பழையபடி பனச்சமூடு சுற்றி.

டாக்டரம்மா முன்னால் பழைய தாளின் நகலை விரித்து மூன்றாம் நம்பரில் விரல் வைத்தார். அவள் முதலில் பொறுமையாகத்தான் பேசினாள். பெண்ணுக்கு மசக்கையில் எதுவும் பிடிக்கும், அது உடம்பின் சமாச்சாரம், அப்பன் வழியில் வருவதில்லை. இவர் விடவில்லை. மீன் தின்கிற ஆளா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். மூன்று தடவை கேட்டார்.

நாலாம் தடவை கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார், நீங்க எழுதித் தந்ததை நான் வாங்கி வச்சது உங்க மனசமாதானத்துக்கு. நாங்க பாக்கது ரத்தக் குரூப்பு, சீக்கு உண்டா இல்லியா, நிறம் ஏறக்குறைய. அதுக்குமேல யாரு எவருன்னு எனக்கே தெரியாது. கேன்ல வருது."

"எங்கருந்து?"

"திருவனந்தபுரத்துலருந்து."

நாங்கள் ஒளிந்து ஒளிந்து மலையோரம் சுற்றி நாகர்கோவில் வந்திருக்கிறோம். அது நேர் ரோட்டில், நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வாசலைத் தாண்டி, பாறசாலையைத் தாண்டி, எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அடுத்ததைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது.

"அப்பம் என்னோடது கலந்தது?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"உங்க ரிப்போர்ட்டுல ஒண்ணுமே இல்ல சார். இல்லாதத எதோட கலக்க?"

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். இந்தத் தடவை நடிப்பு இல்லை. பனச்சமூட்டில் நல்ல கூட்டம். அடுத்த பஸ் வருகிறவரை நின்று, போகிற வருகிற ஆண்களையெல்லாம் பார்த்தார். ஜீப் டிரைவர், மரச்சீனிக்காரன், ஃபைல் வைத்திருந்த காலேஜ் பையன்கள். உயரம் அளக்கிறார் என்று தெரிந்தது. நானும் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒருவன் கூட்டாளி சொன்னதைக் கேட்டு நன்றாகச் சிரித்தான். இவனாக இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

9 செப்டம்பர், திங்கள்

மழை இல்லை, புழுக்கம். கை கால் வீக்கம் கொஞ்சம்.

நேற்றுக் காலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டைப் செய்தது. கலைப்பதற்கு நான் சம்மதிப்பதாக.

"புருஷன் சம்மதம் வேண்டாம். உனக்க ஒப்பு போதும். சட்டம் அப்டியாக்கும். இன்னும் நாளு இருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு வேற எடத்துல நல்லா விசாரிச்சு, ஒழுங்காட்டு ஒண்ணு."

"கத்திரிக்காயா? சொத்தைன்னு திருப்பிக் குடுக்க?"

"ஒச்ச வைக்காத. அம்மை கேப்பா."

"நீங்கதான அந்த ஜீவனாம்சக் கேசுல வாதிச்சிய, கல்யாணத்துக்குள்ள பிறந்த பிள்ள புருஷனுக்குத்தான்னு? ஜெயிச்சப்போ வீட்டுல பாயசம் வச்சோமே."

"அது கட்சிக்காரிக்கு."

தாளை நாலாக மடித்துத் தந்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்படியானால் தன் பெயர் அதற்குக் கிடையாது என்றார். ஆஸ்பத்திரியிலும் கிடையாது, பஞ்சாயத்துப் பதிவிலும் கிடையாது. "நானல்லன்னு சொல்லிருவேன். எனக்க ரிப்போர்ட்டக் காட்டுவேன்."

காட்ட மாட்டார். பூஜ்யத்தை ஊருக்குக் காட்டுகிற தைரியம் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் விலகி நிற்பார். அது போதும் என்னை முடிக்க. எந்த விண்ணப்பமானாலும் அப்பன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதை விட்டுவிட்டு வருகிற பெண்களை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். பியூன்கூட அவர்களிடம் எப்படிப் பேசுவான் என்று தெரியும்.

எனக்கு இந்தப் பிள்ளை வேண்டும். யாருடையது என்றாலும் வேண்டும். இதற்கு முன் எதையும் எனக்கு வேண்டும் என்று வாய் திறந்து சொன்னவள் இல்லை நான். பயமாக இருக்கிறது. ஆபீஸ் கக்கூசில் போய் அழுதுவிட்டு வந்தேன். கண் சிவப்பைப் பார்த்து ஸ்டெல்லா, "எந்தரக்கா?" என்றாள். தூசி என்றேன்.

18 செப்டம்பர், புதன்

எழுத வேண்டியது நிறைய. ஆபீசர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், நல்லதாயிற்று.

பத்து நாளாக இவர் பேசவில்லை. முன்னறையில் பாய் விரித்துப் படுக்கை. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று காலை தோசை சுடும்போது கேட்டுவிட்டாள். "எலே மக்கா, என்னடே உங்களுக்குள்ள?"

இவர் என்னை மாட்டிவிட நினைத்தார். "உனக்க மருமவ ஆபீசுல மீன் தின்னுகா. ஒரு மாசமா. நானே கண்டேன்."

உள்ளித் தோலைக்கூடத் தனியாகப் புதைக்கிற வீடு இது. அத்தை தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தின்னா என்ன? மசக்கை."

"என்னம்மா சொல்லுத? சைவக் குடும்பத்துல..."

"போடே. உன்ன வயித்துல வச்சிருக்கப்போ எனக்குக் கருவாட்டு மேல கிறுக்கு. கிணத்தாங்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தாளே, வேலப்பனுக்க பெண்டாட்டி, அவ சுட்டு இலையில பொதிஞ்சு தருவா. உங்க அப்பா மணத்துட்டு, எலி செத்துக் கெடக்குன்னு வீடு பூரா தேடுனாவ. ஏழு மாசம் தின்னேன் நான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தை வாயில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்கும் வந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

இவர் தோசையைக் கீழே வைத்தார். அந்தக் கோர்ட்டுக் குரல் வந்தது.

"ஏழு மாசமா?"

"ஆமா."

"அதுக்கு முன்ன ஆசை வந்தது உண்டா?"

"இல்லடே. அதுக்குப் பொறவும் இல்ல."

"அப்பம் எனக்க அப்பா யாரு?"

அத்தை அடித்தாள். நாற்பத்தொரு வயது வக்கீலைக் கன்னத்தில், தோசை மாவு ஒட்டிய கையால். தட்டு உருண்டு நடுவீட்டுக்குப் போயிற்று.

"என்ன பேச்சுலே இது? யாருலே இத உன் மண்டையில வச்சா?"

அங்கே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டப்பா, பூஜ்யம், நாகர்கோவில், கேன். மாவு கன்னத்தில் இருக்க அழுதுகொண்டே சொன்னார். அடுப்பில் தோசை கருகியது. நான் எழுந்துபோய் அணைத்தேன்.

அத்தை நெடுநேரம் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு திரும்பினாள். காத்திருந்தேன். ஒன்பது வருஷம் சொன்ன ஒரு வார்த்தைக்கு எதிராக ஏதாவது ஒரு வார்த்தை. பெரிதாக வேண்டாம். 'பிள்ளே' என்றாலும் போதும்.

எழுந்து போய் முன்கதவைச் சாத்திக் கொண்டி போட்டாள். "அடுத்த வீட்டுல கேக்கும்," என்றாள்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அப்புறம் தீர்ப்பு. "கலைக்கயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்க மகனுக்க பிள்ளையாக்கும் அது. ஊரு அப்டித்தான் அறியும். குறை இவளுக்கு இருந்துது, தீந்துது."

"இவ வெளிய சொல்லிட்டா?" நான் அங்கேயே நிற்கிறேன். என்னைத்தான் கேட்கிறார், என்னிடம் கேட்கவில்லை.

"சொல்ல மாட்டா. அவளுக்குப் பிள்ள வேணும் இல்லியா."

அத்தைக்கு இவரைவிட நன்றாக வக்கீல் வேலை தெரியும்.

3 அக்டோபர், வியாழன்

அசைந்தது. பதினொன்றரை மணி, தபால் பதிவு செய்துகொண்டிருக்கும்போது. முதலில் வாயு என்று நினைத்தேன். மறுபடி. பேனாவை வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்துப் பார்த்தாள். "நீந்துகா," என்றாள்.

இவரிடம் சொல்லவில்லை.

21 அக்டோபர், திங்கள்

இவருக்கு இப்போது ஒரு புதுப் பழக்கம். ஆள் இருக்கும்போது 'எனக்க பிள்ள' என்பார், நல்ல சத்தமாக. ஆள் இல்லாதபோது பேச்சே இல்லை. பால்காரனிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார். நேற்று பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் திடமாகிக்கொண்டே வருகிறது. நம்பத் தொடங்கிவிட்டார் என்று தோன்றுகிறது. நல்லதுதான். எனக்கு வேண்டியதும் அதுதானே. பிறகு ஏன் வயிறு எரிகிறது என்று தெரியவில்லை.

மீன் ஆசை தானாக நின்றுவிட்டது. ஸ்டெல்லா கொண்டுவந்தாள், முடியவில்லை. அவளுக்கு வருத்தம். எனக்கும்.

2 டிசம்பர், திங்கள்

முதுகு வலி. நாற்காலிக்குத் தலையணை கொண்டு வந்தேன். பிரசவ லீவுக்கு இந்த வாரம் எழுதித் தர வேண்டும்.

நேற்று ஏழாம் மாதம் வயிறு காணல். என் வீட்டார் பலகாரத்தோடு வந்து பார்க்கிற சடங்கு. அதற்கு முந்தின நாளை முதலில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் ஆபீசுக்குக் கிளம்புகையில் பீரோவைத் திறந்து அடித்தட்டில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தார். அடுப்படிக்குக் கொண்டுபோனார். அத்தை விறகடுப்பைப் பற்ற வைத்திருந்தாள், அதிரசத்துக்குப் பாகு காய்ச்ச. தன் ரிப்போர்ட்டைப் போட்டார். நாகர்கோவில் தாள்களைப் போட்டார். ஐந்து நம்பர் எழுதிய தாளையும் போட்டார். போகட்டும், எனக்கும் சம்மதம்தான்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "உன்னோடதும்."

"என்னோடதுல என்ன இருக்கு? எல்லாம் சரின்னுதான் எழுதியிருக்கு."

"அதுதான். உனக்கு ஒரு குறையும் இல்லன்னு ஒரு காகிதம் கெடந்தா, பின்ன குறை யாருக்குன்னு ஒருத்தன் கேப்பான். நானானா கேப்பேன்."

தர மாட்டேன் என்றேன். இவர் சத்தம் போடவில்லை. "அப்பம் நாளைக்கு உனக்க ஆளுக வரச்ச நான் இங்க நிக்க மாட்டேன். பேரு போடவும் வர மாட்டேன். பொறவு உனக்க பாடு." அத்தை பாகைக் கிண்டிக்கொண்டே, "குடு பிள்ளே," என்றாள். அந்தப் 'பிள்ளே' இப்போது வந்தது.

ஒன்பது வருஷத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஐந்தாறு காகிதம்தான். யாரிடமும் காட்டியதில்லை. மச்சி என்று காதில் விழுகிறபோதெல்லாம் பீரோவில் அது இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் அதன் உபயோகம். அவர் பிடுங்கவில்லை. நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். எழுதிவைக்க வேண்டும், நானே கொடுத்தேன். தாள்கள் உடனே எரிந்துவிட்டன. எக்ஸ்ரே படம் எரியாமல் சுருண்டு, அடுப்படி முழுவதும் நாற்றம். அத்தை பாகுப் பாத்திரத்தை மூடினாள்.

ஆபீசுக்குப் பஸ் தவறிவிட்டது. அரை நாள் லீவு.

நேற்று. வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கும். முந்திரிக்கொத்து, முறுக்கு, அதிரசம், ஏத்தங்காய் உப்பேரி. இவர் இரட்டை வேட்டியில் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றார். அத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் போய் உட்கார்ந்து அதையே சொன்னாள். "ஒம்பது வருசம் பொறுத்தானே எனக்க மகன்! குறை அவளுக்குன்னு அறிஞ்சும் ஒரு வாக்கு சொல்லல்ல. வேற ஆணுன்னா இருந்துருப்பானா?" எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மை எழுந்துபோய் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க தெய்வம் மாப்ள," என்று அழுதாள். இவருக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை. நிஜமாகவே கலங்கியது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவருடைய சித்தப்பா மகன் மனைவி, உஷா. பெருங்கடவிளைக்குப் பக்கம்தான் வீடு. கல்யாணமாகி நாலு வருஷம். இருபத்தைந்து இருக்கும். இலைபோடும் வேலையெல்லாம் அவளைச் செய்ய விட்டார்கள், எனக்கு வளையல் போடும்போது மட்டும் யாரோ அவளைப் பின்னால் நகரச் சொன்னார்கள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுக்கப்பிடாது."

"கேளு."

"உங்களுக்கு என்ன குறையாக்கும் இருந்துது?"

இரண்டு அடி தள்ளி இவர், தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு. தலையைத் திருப்பவில்லை. அடுக்கிக்கொண்டிருந்த வெற்றிலை மட்டும் கையில் அப்படியே நின்றது.

"கர்ப்பப்பையிலதான்," என்றேன். "மருந்து சாப்பிட்டேன். சரியாச்சு."

"அத்தானுக்கு ஒண்ணும் இல்ல, இல்லியா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்காரவியளும் அப்டித்தான் சொல்லுதாவ, கொறை எனக்குத்தான்னு. நான் ரெண்டு எடத்துல காட்டுனேன். எல்லாம் சரின்னு சொன்னாவ. அவியள ஒருக்க கூட்டிட்டு வரச் சொன்னாவ. கூப்புட்டா அடிக்க வாறாவ." முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "நீங்க சொல்லுங்க அக்கா. படிச்சவிய. அவியளக் கூட்டிட்டுப் போவணுமா?"

வயிற்றுக்குள் ஒரு உதை. இவர் வெற்றிலையை வைக்கவில்லை.

"வேண்டாம்," என்றேன்.